சாங்கி பக்கம் மூன்று நிற ‘பேய் விமானம்’! செயற்கைக்கோள் படத்தில் சிக்கியது என்ன?

(திரையில்: சிங்கப்பூருக்குக் கிழக்கே கடல், அதன்மேல் மூன்று விமான உருவங்கள்)

வணக்கம் மக்களே! படத்தை நன்றாகப் பாருங்கள். நீலம், பச்சை, சிவப்பு என்று வரிசையாக மூன்று விமானம், அளவும் வடிவமும் அச்சு அசலாக ஒன்றே. வாட்ஸ்அப் குழுவில் இப்படி ஒன்று வந்தால் ‘பறக்கும் தட்டு’, ‘ரகசிய ராணுவ விமானம்’ என்று ஒரு கதையும் ஒட்டிக்கொண்டே வரும். ஆனால் இது சாதாரணப் பயணிகள் விமானம், அதுவும் ஒரே ஒரு விமானம்!

எடுத்தது சென்டினல்-2 என்ற ஐரோப்பியச் செயற்கைக்கோள், 786 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றுகிறது, படங்கள் எல்லாருக்கும் இலவசம். சரி, விஷயத்துக்கு வருவோம்.

அந்தச் செயற்கைக்கோளின் கேமராவில் ஒவ்வொரு நிறத்துக்கும் தனித்தனி உணரி (ஒளியைப் பதிவு செய்யும் சில்லு) வரிசை இருக்கிறது. அவற்றைச் சற்றுத் தள்ளித் தள்ளிப் பொருத்தியிருப்பதால் ஒரே இடத்தை மூன்றும் ஒரே நேரத்தில் பார்ப்பதில்லை, நீலத்துக்கும் பச்சைக்கும் நடுவே ஏறக்குறைய அரை நொடி, பச்சைக்கும் சிவப்புக்கும் நடுவே இன்னொரு அரை நொடி. வீவக அடுக்குமாடி புளோக் எங்கேயும் ஓடிவிடாது, அதனால் மூன்று நிறமும் ஒன்றன்மேல் ஒன்று சரியாக உட்கார்ந்துவிடும். உயரத்தில் பறக்கும் விமானம் நொடிக்குச் சுமார் 250 மீட்டர் போகிறது, அரை நொடியில் நூறு மீட்டருக்கு மேல் தாண்டிவிடுகிறது. மலிவான நாள்காட்டியில் அச்சு பிசகி, முருகன் முகத்துக்குப் பக்கத்தில் சிவப்பு மட்டும் தள்ளி விழுந்திருக்குமே, அதேதான்.

நம்பவில்லையா? அதே படத்தை அப்படியே சாங்கி விமான நிலையத்துக்கு நகர்த்துங்கள். அங்கே நிறுத்தி வைத்திருக்கும் விமானங்கள் எல்லாம் ஒற்றை உருவமாக, சுத்தமான வெள்ளையில் தெரியும். கடலில் நங்கூரம் போட்ட கப்பல்களும் அப்படித்தான். தரை இறங்கும் விமானம் வேகம் குறைந்திருப்பதால் அதன் நிறங்கள் முழுசாகப் பிரியாமல் ஓரத்தில் மட்டும் வானவில் மாதிரி ஒட்டியிருக்கும். எனக்கு இது பறக்கும் தட்டைவிடப் பெரிய அதிசயம் மக்களே, அசையாத ஒரு படத்துக்குள் ஒரு நொடி நேரம் ஒளிந்திருக்கிறது! நிறங்களுக்கு இடையே உள்ள தூரத்தை அளந்து வேகத்தைக்கூடத் தோராயமாகக் கணக்குப் போடலாம், என்ன, விமானத்தின் உயரத்தால் வரும் விலகலையும் கழிக்க வேண்டும்.

அடுத்து, மேற்கே தெங்கே நீர்த்தேக்கத்தில் தண்ணீர்மேல் கறுப்புக் கறுப்பாகப் பெரிய பலகைகள். கூகல் எர்த்தில் பழைய படங்களுக்குப் போனால் அவை காணாமல் போய்விடும், ஏனென்றால் அது 2021 ஜூலையில் திறக்கப்பட்ட மிதக்கும் சூரிய மின்பண்ணை. 45 ஹெக்டேர், 1,22,000 தகடுகள், நம் குடிநீர்ச் சுத்திகரிப்பு ஆலைகளின் மின்தேவைக்கு ஈடான மின்சாரம்! வரைபடத்தில் புரியாத எதைப் பார்த்தாலும் முதலில் தேதியைப் பின்னால் தள்ளிப் பாருங்கள், பாதி மர்மம் அங்கேயே அவிழ்ந்துவிடும்.

புலாவ் உபின் தீவுப் பக்கம் கடலில் மிதக்கும் சின்னச் சின்னச் சதுரங்கள்? மீன் பண்ணைகள்.

நீங்கள் பார்த்த விசித்திரத்தைக் கீழே கருத்தில் போடுங்கள். வெறும் படம் போதாது, அட்சரேகை, தீர்க்கரேகை, படம் எடுத்த தேதி மூன்றும் வேண்டும். ஜொகூர் பக்கம் இருந்து வந்தாலும் சரி, அடுத்த வீடியோவில் பார்த்துவிடலாம்.