மயக்க மருந்துக்கு முந்தைய நாள்

நேயர்களுக்கு வணக்கம். என் மகனுக்கு வலிப்பு உண்டு. பேச்சு வராது. வயிற்றில் பொருத்திய குழாய் வழியாகத்தான் சாப்பாடு. எம்.ஆர்.ஐ. ஸ்கேன், பல் சிகிச்சை என்று பலமுறை மயக்க மருந்து வாங்கிய பிள்ளை.

மயக்க மருந்துக்கு முன் கவனிக்க வேண்டியதில் முதலாவது பட்டினி. மயக்கத்தில் இருமலும் விழுங்குவதும் அடங்கிவிடும். வயிற்றில் இருப்பது மேலேறி நுரையீரலுக்குள் போனால் ஆபத்து. அதனால்தான் பொதுவாக, திட உணவுக்கும் பவுடர் பாலுக்கும் 6 மணி நேரம், தாய்ப்பாலுக்கு 4, வெறும் தண்ணீருக்கு 2 என்று கணக்கு. உங்கள் பிள்ளைக்கு டாக்டர் வேறு நேரம் சொன்னால் அதுதான் சரி. குழாயில் போவதும் சாப்பாடுதான். ஒருமுறை, "வாயில் ஒன்றும் கொடுக்கவில்லை" என்று சொல்லிவிட்டேன். ராத்திரி முழுக்க குழாயில் உணவு செலுத்தும் பம்ப் ஓடியதா என்று நர்ஸ் கேட்டபோதுதான் எனக்கு உறைத்தது. அன்றைய ஸ்கேன் தள்ளிப்போனது.

பட்டினி என்றதும் மருந்தையும் நிறுத்திவிடாதீர்கள். வலிப்பு மருந்து ஒரு வேளை தவறினாலே வலிப்பு வரலாம். எந்த மருந்தை, எப்போது, எவ்வளவு தண்ணீரோடு கொடுப்பது என்று மயக்க டாக்டரிடம் முன்னமே கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். பட்டினி கிடந்தால் சர்க்கரை இறங்கிவிடும் பிள்ளை என்றால், காலையில் முதல் ஆளாக எடுக்க முடியுமா, டிரிப்ஸ் வேண்டுமா என்றும் கேளுங்கள். சளி, இருமல் இருந்தால் மறைக்கவே கூடாது. மாதக்கணக்கில் காத்திருந்து வாங்கிய தேதி போய்விடுமே என்று மனசு அடித்துக்கொள்ளும், தெரியும். ஆனால் சளி பிடித்த மூச்சுக்குழாய் மயக்கத்தில் சட்டென்று இறுகிக்கொள்ளும்.

அப்புறம், பிள்ளையிடம் பொய் வேண்டாம். "ஊசியே கிடையாது" என்று சொல்லிக் கூட்டிப்போனால் அடுத்த முறை வாசலிலேயே அழும். மரத்துப்போகும் களிம்பை ஒரு மணி நேரம் முன்பே தடவச் சொல்லிக் கேட்கலாம். நாங்கள் மயக்க மருந்தை மூச்சில் இழுக்க வைக்கும் பழைய முகமூடி ஒன்றை வைத்து ஒரு வாரம் விளையாடினோம். முதலில் கரடிபொம்மைக்கு, பிறகு எனக்கு, கடைசியில் அவனே எடுத்துத் தன் மூக்கில் வைத்துக்கொண்டான்.

ஒரு தாளில் பிள்ளையின் வழக்கங்களை எழுதிக் கொடுங்கள். என் மகன் இடது கையைக் காதருகே கொண்டுபோனால் வலிக்கிறது என்று அர்த்தம். எந்த ஃபைலிலும் அது இருக்காது. மயக்கம் தெளியும்போது சில பிள்ளைகள் அம்மாவைக்கூட அடையாளம் தெரியாமல் அலறுவார்கள். பெரும்பாலும் அரைமணி நேரத்துக்குள் அடங்கிவிடும். என் மகன் அப்படி அலறியபோது, அது வலியா, வெறும் மிரட்சியா என்று நர்ஸ் அந்தத் தாளைப் பார்த்துத்தான் புரிந்துகொண்டார்.

வீடு திரும்பும்போது காரில் பெரியவர்கள் இரண்டு பேர் வேண்டும். ஒருவர் ஓட்டட்டும். இன்னொருவர் பின்னால் பக்கத்தில் உட்கார்ந்து, அரைத்தூக்கத்தில் தலை முன்னால் சரிந்து மூச்சை அடைக்காமல் பார்த்துக்கொண்டே வர வேண்டும்.