இயக்கத்தைக் காத்தது ஃபெல் அம்மையாரே!

நடுவர் அவர்களே, எதிரணி நண்பர்களே, அவையோரே, வணக்கம்.

"குவேக்கர் இயக்கம் நிலைத்ததற்குக் காரணம் ஜார்ஜ் ஃபாக்ஸின் பேச்சா, மார்கரெட் ஃபெல்லின் பொறுப்பா?" இதுதான் தலைப்பு. பதினேழாம் நூற்றாண்டு இங்கிலாந்தில் ஃபாக்ஸ் என்ற போதகர் தொடங்கிய கிறிஸ்தவ இயக்கம்தான் குவேக்கர் இயக்கம். எனக்கு முன் பேசிய நண்பர் ஃபாக்ஸை மலையிலிருந்து இறக்கவே இல்லை. 1652-ல் பெண்டில் மலையில் தரிசனம் கண்டாராம். ஃபர்பேங்க் குன்றில் ஆயிரம் பேருக்கு மூன்று மணி நேரம் பேசினாராம். சரி, பேசினார். யார் இல்லை என்றது?

ஆனால் அன்றைய இங்கிலாந்தில் பேச்சுக்கா பஞ்சம்? 1649-ல் மன்னனின் தலையையே வெட்டியாகிவிட்டது. தேவாலயத்தின் பிடியும் தளர்ந்துபோனது. சந்தைக்குச் சந்தை ஒரு தீர்க்கதரிசி! ராண்டர்கள் என்றொரு கூட்டம், ஐந்தாம் முடியரசினர் என்றொரு கூட்டம். அவர்களிடமும் வாய்வீச்சு இருந்தது. இன்று எங்கே அவர்கள்? பேச்சுதான் இயக்கத்தைக் காக்கும் என்றால் அவர்களும் அல்லவா இருந்திருக்க வேண்டும்?

ஃபாக்ஸுக்குக் கிடைத்தது அவர்களுக்குக் கிடைக்கவில்லை. அதன் பெயர் ஸ்வார்த்மூர் மாளிகை. அல்வர்ஸ்டன் ஊருக்குப் பக்கத்தில், மார்கரெட்டின் கணவர் நீதிபதி தாமஸ் ஃபெல்லின் வீடு. 1652 கோடையில் அந்த ஊர்த் தேவாலயத்தில் ஃபாக்ஸ் எழுந்து, "கிறிஸ்து இப்படிச் சொன்னார், அப்போஸ்தலர் இப்படிச் சொன்னார் என்கிறீர்கள், நீ என்ன சொல்வாய்?" என்று கேட்டார். தன் இருக்கையில் எழுந்து நின்றிருந்த மார்கரெட் அப்படியே உட்கார்ந்து அழுதார். "நாமெல்லாம் திருடர்கள், வேதத்தை வார்த்தையாக மட்டும் எடுத்துக்கொண்டோம்" என்று அவர் உள்ளம் கதறியது. நண்பர் இதோடு கதையை முடித்துக்கொண்டார். கதை இங்கேதான் ஐயா தொடங்குகிறது!

கணவர் வெளியூரில் இருந்தார். கடல் வற்றிய மணல்வெளியைக் கடந்து அவர் திரும்பிவரும் வழியிலேயே ஊர்ப் பெரிய மனிதர்கள் போய் மறித்துக்கொண்டார்கள். "உங்கள் குடும்பத்துக்கு யாரோ சூனியம் வைத்துவிட்டார்கள்" என்றார்கள். நல்லது சொல்ல ஆள் வராவிட்டாலும் இதற்கு மட்டும் குதிரையேறி வந்துவிடுவார்கள், எந்த நாடாக இருந்தால் என்ன! கோபத்தோடு வீடு வந்த நீதிபதியை மார்கரெட் எதிர்கொண்டார். இரவு ஃபாக்ஸையும் பேசவைத்தார். சில நாட்களில் அந்த நீதிபதியே, "வேண்டுமானால் இங்கேயே கூடிக்கொள்ளுங்கள்" என்றார். கடைசிவரை அவர் குவேக்கர் ஆகவில்லை. பக்கத்து அறையில், கதவைத் திறந்துவைத்துக்கொண்டு கேட்டார், அவ்வளவுதான். ஒரு நீதிபதியின் கூரை, அவர் 1658-ல் இறக்கும்வரை இந்த மக்களுக்குப் பெரிய பாதுகாப்பு. அதைச் சம்பாதித்துக் கொடுத்தது யார்?

அப்புறம் பணம். 1654-ல் கெண்டல் நிதியைத் தொடங்கியவர் மார்கரெட். ஊர் ஊராகப் போன போதகர்களுக்குச் செருப்பும் துணியும் வழிச்செலவும், சிறையில் கிடந்தவர்களுக்கு உதவியும் அதிலிருந்து போயின. நூற்றுக்கணக்கான கடிதங்கள் ஸ்வார்த்மூருக்கு வந்தன. யார் எந்தச் சிறையில், யாருக்கு என்ன தேவை என்பதெல்லாம் அந்த அம்மாவுக்குத் தெரியும். தேர் இழுப்பவரை ஊரே பார்க்கும். சக்கரத்துக்குக் கட்டை போடுகிறவரை யார் பார்க்கிறார்கள்?

1660-ல் ஃபாக்ஸை அந்த வீட்டிலேயே பிடித்து லங்காஸ்டர் சிறையில் போட்டார்கள். மார்கரெட்டுக்கு வயது நாற்பத்தாறு. லண்டன் போனார், இரண்டாம் சார்லஸ் மன்னரிடமே முறையிட்டார். ஒரு வருடம் மூன்று மாதம் அங்கேயே தங்கி, மன்னருக்கும் அவரது சபைக்கும் மனுவுக்கு மேல் மனு கொடுத்தார். இதற்கிடையே, 1661 ஜனவரியில் ஐந்தாம் முடியரசினர் லண்டனில் கலகம் செய்ய, பழி குவேக்கர்கள்மேலும் விழுந்து ஆயிரக்கணக்கானோர் சிறை போனார்கள். அவர்களுக்காகவும் வாசல் வாசலாய் ஏறியவர் இவர்.

"பணக்கார வீட்டு அம்மா, அவருக்கென்ன நஷ்டம்?" என்று எதிரணி கேட்கலாம். கேளுங்கள்! 1664-ல் லங்காஸ்டர் நீதிமன்றத்தில் நின்றார். வீட்டில் கூட்டம் நடத்தமாட்டேன் என்று ஒப்புக்கொண்டால், மன்னருக்கு விசுவாசமாயிருப்பேன் என்ற சத்தியப்பிரமாணம் கேட்கமாட்டோம் என்றார்கள். மறுத்தார். சத்தியம் செய்வதே தவறு என்பது குவேக்கர் நம்பிக்கை, அதனால் சத்தியமும் செய்யவில்லை. சொத்துப் பறிமுதல், ஆயுள் சிறை, இனி மன்னரின் பாதுகாப்பும் கிடையாது என்று தீர்ப்பானது. "மன்னரின் பாதுகாப்புக்கு வெளியே இருந்தாலும் சர்வவல்ல கடவுளின் பாதுகாப்புக்கு வெளியே இல்லை" என்றார். நாலு வருடத்துக்கு மேல் உள்ளே. அங்கிருந்துதான், பெண்களும் பிரசங்கிக்கலாம் என்று வேதத்தைக் கொண்டே வாதிடும் நூலை 1666-ல் வெளியிட்டார். வெளியே வந்து, விதவையாயிருந்த அவர் 1669-ல் ஃபாக்ஸை மணந்தார். மார்கரெட்டின் சொத்தில் தனக்கு உரிமை வேண்டாம் என்று ஃபாக்ஸ் முன்கூட்டியே சொல்லிவிட்டார். அந்த நேர்மைக்கு நானும் கைதட்டுகிறேன்.

ஃபாக்ஸ் 1691-ல் இறந்தார். அதற்குள் குவேக்கர்களிடையே உடையின் நிறத்திலும் தினுசிலும் கெடுபிடி வளரத் தொடங்கியது. 1700-ல், எண்பத்தைந்து வயதைத் தாண்டிய மார்கரெட் பேனா எடுத்தார். எல்லோரும் ஒரே உடை, ஒரே நிறம் என்பது அசட்டுத்தனமான, அற்பச் சுவிசேஷம் என்று கண்டித்தார். எதிரணித் தலைவரே, அப்போது உங்கள் ஃபாக்ஸ் இல்லை. அவருடைய பேச்சும் இல்லை. இந்தக் கண்டிப்பை யார் கணக்கில் எழுதப்போகிறீர்கள் என்று சொல்லிவிட்டு உங்கள் வாதத்தைத் தொடங்குங்கள். நன்றி, வணக்கம்.