கத்திக்கு முன்னால் ஒரு பாலாடைத் தண்ணீர்

நேயர்களுக்கு என் அன்பு வணக்கம். எடைக் குறைப்பு அறுவைச் சிகிச்சை செய்துகொள்ளலாமா, வேண்டாமா என்று மனத்துக்குள்ளேயே தவித்துக்கொண்டிருப்பவர்களோடும், அவர்களுடைய வீட்டாரோடும் பேசவே இன்று வந்திருக்கிறேன். நான் அறுவை மருத்துவர் அல்லள். அந்தச் சிகிச்சைக்கு முன்னும் பின்னும் எதை உண்பது, எப்படி உண்பது என்று கற்றுத்தரும் உணவியலாளர். ஆகவே இந்த முடிவைச் சாப்பாட்டுத் தட்டின் அருகிலிருந்தே பார்த்துப் பழகியவள்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். பருத்த உடம்பைச் சோம்பலின் அடையாளமாகப் பேசும் வழக்கம் நம்மிடம் வேரோடியிருக்கிறது. பட்டினி கிடந்து பத்துக் கிலோ குறைத்தவருக்குப் பசியைத் தூண்டும் சுரப்பு கூடுகிறது, உடம்பு செலவழிக்கும் ஆற்றல் குறைகிறது, இழந்த எடையை மீட்க உடம்பே இரவும் பகலும் பாடுபடுகிறது. அப்படி எடை திரும்பியவரைப் பார்த்து மன உறுதி இல்லாதவர் என்று சொல்வது அநியாயம். இந்தப் பழிச்சொல்லுக்கு அஞ்சி அறுவை அரங்கை நோக்கி ஓடவும் வேண்டாம். அதே அச்சத்தால் மருத்துவரிடம் கேட்காமல் இருந்துவிடவும் வேண்டாம்.

யார் கேட்கலாம்? கிலோவில் உள்ள எடையை, மீட்டரில் உள்ள உயரத்தால் இருமுறை வகுத்தால் கிடைப்பது உடல் நிறை எண். நம்மவர்களுக்குக் குறைந்த எடையிலேயே சர்க்கரை நோய் வந்துவிடுவதால், இந்திய மருத்துவர்கள் நெடுங்காலமாக 37.5 என்பதையும், சர்க்கரை, இரத்த அழுத்தம், உறக்கத்தில் மூச்சுத் தடைபடுதல் போன்றவை உடனிருந்தால் 32.5 என்பதையும் எல்லையாகக் கொண்டு வந்திருக்கிறார்கள். 160 சென்டிமீட்டர் உயரமுள்ளவருக்கு 37.5 என்பது 96 கிலோ. 2022ஆம் ஆண்டில் வெளிவந்த பன்னாட்டு நெறிமுறையோ, ஆசியர்களுக்கு 27.5 முதலே இச்சிகிச்சையைக் கருதலாம் என்கிறது. ஆனால் இந்த எண், கேட்கத் தகுதி உண்டு என்று மட்டுமே சொல்கிறது. செய்துகொள்ளுங்கள் என்று சொல்வதில்லை.

இப்போது பெரிதும் செய்யப்படும் ஸ்லீவ் முறையில் இரைப்பையின் முக்கால் பங்கை வெட்டி எடுத்துவிடுகிறார்கள். எடுத்ததைத் திரும்ப வைக்க முடியாது. பைபாஸ் முறையில் இரைப்பையைச் சிறு பையாக்கிச் சிறுகுடலோடு இணைக்கிறார்கள். நாள்பட்ட நெஞ்செரிச்சல் உள்ளவர்களுக்கு ஸ்லீவ் அதைக் கூட்டிவிடக்கூடும் என்பதால், எந்த முறை, ஏன் என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். படமில்லாமல் இதற்கு மேல் விளக்குவது கடினம். நான் பேச வந்தது தண்ணீரைப் பற்றி.

ஆம், தண்ணீரைப் பற்றித்தான். சில ஆண்டுகளுக்கு முன் ஓர் அம்மையார் தம் மருமகளோடு வந்தார். ஐம்பதைக் கடந்தவர், சர்க்கரை நோய், மாடி ஏற விடாத முழங்கால் வலி. சிகிச்சைக்கு நாள் குறிக்குமுன், பின்னால் வாழப்போகும் வாழ்க்கையை இப்போதே இரண்டு வாரம் வாழ்ந்து பாருங்கள் என்றேன். சிறு தட்டு, கூழாகும்வரை மென்ற கவளம், சாப்பாட்டுக்கும் தண்ணீருக்கும் இடையே அரைமணி நேரம். கேட்க எளிது. ஆனால் குழம்பு, ரசம், மோர் என்று கரைத்துக் கரைத்து உண்டு, நடுவில் செம்பைத் தூக்கி அண்ணாந்து குடிப்பதல்லவா நம் சாப்பாடு? முதல் நாட்களில் ஒரு முறைக்கு முப்பது மில்லி அளவே குடிக்கலாம் என்றதும், வீட்டுக்குப் போய்ப் பேரனுக்குப் பால் புகட்டிய வெள்ளிப் பாலாடையைத் தேடி எடுத்திருக்கிறார். அதில் ஊற்றி, உதட்டை நனைத்து நனைத்துக் குடித்துப் பார்த்தாராம். நான்காம் நாள் தொலைபேசியில் அழைத்தவர், "மோர்சாதத்தை நினைத்து அழுதுவிட்டேன் அம்மா, எனக்கு இது முடியுமா தெரியவில்லை" என்றார். அப்படியானால் பொறுப்போம் என்றேன். ஆறு மாதம் பொறுத்து, பழகி, தாமே கேட்டுச் செய்துகொண்டார். மறுநாள் வார்டில் போய்ப் பார்த்தபோது, கட்டிலில் சாய்ந்தபடி அதே பாலாடையைக் கையில் வைத்திருந்தார். யாரும் அவருக்கு எதுவும் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை.

சுருங்கிய இரைப்பை அவசரத்தைப் பொறுக்காது. வேகமாகக் குடித்தால் நெஞ்சில் வலி, குமட்டல். பைபாஸ் செய்தவர் ஒரு லட்டு தின்றால் வியர்த்துப் படபடத்துப் படுத்துவிடலாம். நாளொன்றுக்கு அறுபது கிராமாவது புரதம் வேண்டும். ஓர் இட்லியில் இருப்பது ஏறக்குறைய இரண்டு கிராம், ஒரு முட்டையில் ஆறு. காலைப் பலகாரமே மாறியாக வேண்டும் என்பது இதிலிருந்து புரியும். பி12, இரும்பு, கால்சியம், வைட்டமின் டி ஆகியவற்றை வாழ்நாள் முழுதும் கவனித்து, இரத்தப் பரிசோதனையும் செய்துகொள்ள வேண்டும். மீண்டும் மீண்டும் வாந்தி வந்தால், தயமின் என்னும் வைட்டமின் பி1 குறைந்து நரம்புகள் பாதிக்கப்படுமுன் உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

அச்சுறுத்துவதற்காக இவற்றைச் சொல்லவில்லை. ஸ்வீடனில் 1987இல் தொடங்கி நெடுங்காலம் நடந்த ஆய்வில், சிகிச்சை பெற்றவர்களிடையே இறப்பு குறைந்திருந்தது. சர்க்கரை மாத்திரையை நிறுத்தியவர்களை நானே பார்த்திருக்கிறேன். சிலருக்குச் சில ஆண்டுகளில் அந்நோய் திரும்பவும் வருகிறது. தையலில் கசிவு, இரத்தம் உறைதல், அரிதாக உயிரிழப்பு ஆகியவையும் உண்டு என்பதைக் கையெழுத்திடுமுன் குடும்பத்தோடு உட்கார்ந்து பேசுங்கள்.

நேரம் முடியப்போவதாகச் சைகை வருகிறது. மீதியை விரைந்து சொல்கிறேன். குழந்தை வேண்டும் பெண்கள் சிகிச்சைக்குப் பின் ஓராண்டு முதல் ஒன்றரை ஆண்டுவரை கருத்தரிப்பதைத் தள்ளிப்போட வேண்டும். மது முன்னைவிட விரைவாகத் தலைக்கேறும். செமாகுளுடைட், டிர்செபடைட் ஊசிகள் 2025இல் எடைக் குறைப்புக்காக இந்தியச் சந்தைக்கு வந்திருக்கின்றன. அவற்றைப் பற்றியும் மருத்துவரிடம் கேளுங்கள், நிறுத்தினால் எடை திரும்பும் என்பதையும் சேர்த்தே. மருத்துவக் காப்பீட்டு விதிகள் உடல் நிறை எண் 40 என்றும், நோய்கள் உடனிருந்தால் 35 என்றும் கேட்கின்றன. மருத்துவர் தகுதி என்று சொல்லும் 33 உள்ளவருக்குக் காப்பீடு மறுக்கப்படலாம் என்பதால், முன்கூட்டியே எழுத்தில் பதில் வாங்கிக்கொள்ளுங்கள். வணக்கம்.