ஒரு சொல்கூடப் பொய்யில்லை, ஆனாலும் 5.5 கோடி முறை திசைதிருப்பிய தலைப்பு

(திரையில் இரண்டு எண்கள்: 5.5 கோடி, 87 லட்சம்)

வணக்கம். 2021-ஆம் ஆண்டின் முதல் மூன்று மாதங்களில், அமெரிக்காவில் ஃபேஸ்புக்கில் வலம்வந்த, கொரோனா தடுப்பூசி பற்றிய ஒரே ஒரு செய்தித் தலைப்பு ஏறத்தாழ 5.5 கோடி முறை பார்க்கப்பட்டது. சரிபார்ப்பாளர்கள் பொய்யென்று முத்திரையிட்ட கொரோனா தடுப்பூசிச் செய்திகள் அத்தனையும் சேர்ந்து பெற்ற பார்வைகளோ வெறும் 87 லட்சம்.

பின்னணியை விரைவாகச் சொல்லிவிடுகிறேன். ட்விட்டரில் உண்மையைவிடப் பொய் வேகமாகப் பரவுகிறது என்று 2018-இல் ஓர் ஆய்வு சொன்னது. அமெரிக்கர்கள் அன்றாடம் நுகரும் ஊடகத்தில் போலிச் செய்தியின் பங்கு 0.15 விழுக்காடுதான் என்று 2020-இல் இன்னோர் ஆய்வு சொன்னது.

இரண்டுமே பொய்ச் செய்திகளைப் பற்றியவை; இனி, பொய்யே இல்லாத அந்தத் தலைப்புக்கு வருவோம். சிகாகோ ட்ரிப்யூன் நாளிதழில் வந்த அதன் சாரம் இதுதான்: நலமாக இருந்த ஒரு மருத்துவர், தடுப்பூசி போட்டுக்கொண்ட இரண்டு வாரங்களில் இறந்தார், காரணத்தை அரசு நிறுவனம் ஆராய்கிறது.

(தலைப்பின் சொற்கள் ஒவ்வொன்றாக ஒளிர்கின்றன)

"நலமாக இருந்த" என்ற சொற்கள் வேறு நோய் இருந்திருக்குமோ என்ற ஐயத்தை முதலிலேயே அகற்றிவிடுகின்றன. "இரண்டு வாரங்களில்" என்பது காலத்தை மட்டும் சொல்லிவிட்டுக் காரணத்தை நம்மையே ஊகிக்க வைக்கிறது. காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்த கதையை நம் முன்னோர் இதற்காகத்தான் சொல்லிவைத்தார்கள் என்று எனக்குத் தோன்றுகிறது: காக்கை உட்கார்ந்ததும் உண்மை, பழம் விழுந்ததும் உண்மை, இரண்டையும் இணைக்கும் அந்த ஒரு கயிறு மட்டும் கேட்பவர் மனத்தில் திரிக்கப்படுகிறது.

ஜெனிஃபர் ஆலன், டங்கன் வாட்ஸ், டேவிட் ராண்ட் ஆகியோர் 2024-இல் சயன்ஸ் இதழில் வெளியிட்ட ஆய்வின் மதிப்பீட்டின்படி, தடுப்பூசி போடும் எண்ணத்தைக் குறைத்ததில், முத்திரையிடப்பட்ட பொய்களைவிட முத்திரை பெறாத இத்தகைய செய்திகளின் தாக்கம் 46 மடங்கு அதிகம்.

அப்படியானால் "தவறான தகவல்" என்ற சொல்லுக்குள் இந்தத் தலைப்பும் அடங்குமா? அடங்கும் என்றால், எது திசைதிருப்புகிறது என்பதை ஆய்வாளரின் சொந்தச் சார்பு தீர்மானித்துவிடும் என்று ஒரு தரப்பு அஞ்சுகிறது. அடங்காது என்றால், பெருந்தீங்கை விட்டுவிட்டுச் சிறுதீங்கையே அளந்துகொண்டிருப்போம் என்கிறது மறுதரப்பு. நான் இரண்டாவது தரப்பின் பக்கமே நிற்கிறேன்; ஆனால் இத்தகைய தலைப்புக்குப் "பொய்" என்ற முத்திரை பொருந்தாது, இறப்புக்குத் தடுப்பூசிதான் காரணம் என்று உறுதியாகவில்லை என்பது போன்ற விடுபட்ட விவரத்தை அதன் அருகிலேயே எழுதிக்காட்டுவதுதான் முறை.

உங்கள் கைப்பேசிக்கு இப்படியொரு தலைப்பு வந்திருந்தால், அதன் சொற்களை அப்படியே கருத்துப் பகுதியில் எழுதுங்கள். அதில் காக்கை எது, பழம் எது என்று அடுத்த காணொளியில் சேர்ந்து பிரித்துப் பார்ப்போம்.