பெட்டி வருகிற வழி

எல்லோருக்கும் வணக்கம்.

நான் கிராம அலுவலராக இருந்து ஓய்வு பெற்றவன். கூடிய காலம் முல்லைத்தீவுப் பக்கம்தான் வேலை. விடியமுன் படலையடியில் ஆள் வந்து நின்று கூப்பிட்டால், அனேகமாக இரண்டில் ஒன்றாகத்தான் இருக்கும். யானை இறங்கி வாழையை முறித்திருக்கும். இல்லாவிட்டால் வெளிநாட்டுக்கு வேலைக்குப் போன யாரோ இறந்திருப்பார்கள். யானைக்கு என்ன செய்வதென்று சனத்துக்குத் தெரியும். மற்றதற்குத் தெரியாது.

"பொடி எப்ப வரும் ஐயா?" பிரேதத்தைத்தான் பொடி என்பார்கள். இதுதான் முதல் கேள்வி. அங்கே தூதரகம் இழுத்தடிக்கிறது, முதலாளி இழுத்தடிக்கிறான் என்று அயலெல்லாம் கதைக்கும். அதுவும் நடக்கிறதுதான். ஆனால் நான் பார்த்த அளவில், பாதித் தாமதம் கடலுக்கு இந்தப் பக்கத்தில். வீட்டாரின் கடிதம் போகாமல் அங்கே ஒன்றும் அசையாது.

அது பெரிய கடிதமில்லை. இறந்தவரின் பெயர், கடவுச்சீட்டு இலக்கம், எழுதுகிறவர் அவருக்கு என்ன முறை, பிரேதத்தை இங்கே அனுப்பவேண்டுமா அல்லது அங்கேயே அடக்கம் செய்யச் சம்மதமா, அனுப்பினால் விமான நிலையத்தில் பொறுப்பெடுப்பவர் யார், அவரின் அடையாள அட்டை இலக்கம் என்ன. இவ்வளவுதான். கிராம அலுவலர் உறுதிப்படுத்த, பிரதேச செயலாளர் மேலொப்பம் வைப்பார். பிறகு வெளிநாட்டு அமைச்சின் கொன்சியூலர் பிரிவுக்குப் போகும். அதற்காகக் கொழும்புக்கு ஓடத் தேவையில்லை, யாழ்ப்பாணத்திலும் அதன் பிராந்திய அலுவலகம் இருக்கிறது. வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தில் பதிந்து போனவர் என்றால் 1989 என்ற இலக்கத்துக்கும் உடனே அழைத்துச் சொல்லுங்கள். பதிவு இருந்தால் காப்புறுதி இருக்கும், செலவுக்கும் வழி பிறக்கும். விசிற் விசாவில் போய் அங்கேயே வேலைக்கு நின்றவரின் வீட்டுக்கு இந்த இடத்தில்தான் இடி விழும்.

கிழமை நாளையும் பாருங்கள். சவூதி, குவைத், கட்டார் போன்ற நாடுகளில் வெள்ளியும் சனியும் கந்தோர் பூட்டு. எங்களுக்குச் சனியும் ஞாயிறும். வியாழன் பின்னேரம் ஒருவர் இறந்தால், இரண்டு பக்கமும் ஒன்றாகத் திறந்திருக்கிற முதல் நாள் திங்கட்கிழமை. அன்றைக்குப் போயா, அதாவது பௌர்ணமி விடுமுறை, வந்தால் செவ்வாய். வாகன விபத்து, வேலைத்தள விபத்து, தற்கொலை என்றால் பொலிஸ் விசாரணை முடியாமல் பிரேதத்தைக் கையில் தரவே மாட்டார்கள். அதை எங்களால் விரைவுபடுத்த முடியாது. கடிதத்தைத்தான் முடியும்.

அந்தக் கடிதம் எங்கே சிக்கும் தெரியுமா? வீட்டுக்குள்ளேதான். மனிசி ஒரு கடிதம் கொடுப்பார், தாய் ஒரு கடிதம் கொடுப்பார். இரண்டு பேருக்கும் பத்து வருசமாகப் பேச்சுவார்த்தை இருக்காது. ஒருவர் முள்ளியவளைக்கு வரட்டும் என்பார், மற்றவர் கிளிநொச்சிக்கு வரட்டும் என்பார். இரண்டு கடிதமும் தூதரகத்துக்குப் போய்ச் சேர்ந்தால் அங்கிருக்கிற அலுவலர் என்ன செய்வார்? இரண்டையும் ஓரமாக வைப்பார். கலியாணம் முடித்தவருக்கு மனைவியோ கணவனோதான் முதல் உரித்தாளர். முடிக்காதவருக்குத் தாய் தகப்பன். செத்தவீட்டை எந்த வளவில் வைப்பது என்ற சண்டையைப் பெட்டி வந்தபிறகு பிடியுங்கள் என்று நான் வாய்விட்டே சொல்லியிருக்கிறேன். கோபித்தவர்களும் உண்டு.

இவ்வளவு பாடுபட்டு ஏன் கொண்டுவர வேண்டும் என்று வெளியிலிருந்து வந்த ஒரு அதிகாரி என்னிடம் கேட்டார். நியாயமான கேள்விதான். ஆனால் 2009 போரில் இறந்தவர்களை இருந்த இடத்திலேயே மண்ணைப் போட்டு மூடிவிட்டு அடுத்த இடத்துக்கு நடந்த சனம் இது. கிளிநொச்சி கந்தசுவாமி கோயிலடியில் 2017 மாசி 20 ஆம் திகதி போராட்டமாகக் குந்திய, காணாமல் ஆக்கப்பட்டவர்களின் தாய்மார், பிள்ளை உயிரோடு இருக்கிறானா இல்லையா என்ற ஒரு பதிலுக்காகக் குந்தினார்கள். அந்த மண்ணில் ஒரு பெட்டி வருமென்று தெரிந்தால், வளவை அடகு வைத்தாவது முகத்தைப் பார்க்கத்தான் நிற்பார்கள். சவூதியில் தகனம் கிடையாது என்பதையும் சேர்த்துப் பாருங்கள். சைவ வீட்டுக்காரருக்கு அங்கே அடக்கம் என்றால் கொள்ளியுமில்லை, சாம்பல் அள்ளுகிற காடாத்துமில்லை. முஸ்லிம் குடும்பங்களில் பலர் அங்கேயே அடக்கத்துக்கு உடன்படுவார்கள். அதற்கும் இதே கடிதம் வேண்டும்.

இன்னொன்று, சம்பளப் பாக்கியும் நட்டஈடும். பிரேதத்துக்கு ஒரு கோப்பு, காசுக்கு இன்னொரு கோப்பு. பெட்டியை அனுப்புகிறோம், இதில் கையெழுத்து வையுங்கள் என்று யாரும் அரபியில் ஒரு தாளை நீட்டினால், வாசிக்கத் தெரிந்த ஒருவரிடம் காட்டாமல் வைக்க வேண்டாம். பாக்கியைக் கேட்கத் தூதரகத்துக்கு அற்றோணித் தத்துவம், அதாவது உங்களுக்காகச் செயற்படும் அதிகாரம், எழுதிக் கொடுக்கலாம். ஏஜென்சிக்காரரின் மச்சானுக்கு எழுதிக் கொடுத்துவிட்டு என்னிடம் வந்து அழுதவர்கள் இருக்கிறார்கள்.

கட்டுநாயக்க விமான நிலையத்தில் ஆட்கள் வெளியே வருகிற வாசலில் பெட்டி வராது. சரக்குப் பகுதிக்குத்தான் வரும், நிறையும் இலக்கமும் போட்ட தாளோடு. அதைப் பார்த்து நெஞ்சு உடைகிறவர்கள் உண்டு, ஆகையால் தாயைக் கூட்டிக்கொண்டு போகாதீர்கள். பொறுப்பெடுப்பவர் அடையாள அட்டையோடு போக, துணைக்குச் சிங்களம் தெரிந்த ஒருவர் போதும். சுகாதார அதிகாரி தாள்களைப் பார்ப்பார். பிறகு அனுராதபுரம், மதவாச்சி, வவுனியா என்று ஏ9 பிடித்து வந்து சேர ஒரு இரவு போகும்.

வீட்டில் பெட்டியைத் திறக்கிற வேலையை இளந்தாரிகளிடம் விடாதீர்கள். வெளியே பலகை, உள்ளே பெரும்பாலும் ஈயம் பற்றவைத்த தகரம். ஒரு வீட்டில் மண்வெட்டியும் அலவாங்கும் கொண்டு வந்தார்கள். நல்லவேளை, மலர்ச்சாலைக்காரர் தகரம் வெட்டுகிற கத்தரிக்கோலோடு வந்து சேர்ந்தார். வெட்டிய உடனே மருந்து மணம் கண்ணைக் கரிக்கும், சின்னப் பிள்ளைகளைத் தள்ளி நிறுத்துங்கள். முகம் கறுத்திருக்கும், வீங்கியிருக்கும். அந்த வீட்டில் தாய் முகத்தைப் பார்த்து "இது என்ர பிள்ளையில்லை" என்றா. பிறகு இடது காலைத் தூக்கிப் பார்த்தா. சின்னனில் சைக்கிள் கம்பிக்குள் அகப்பட்ட வடு அப்படியே இருந்தது. அதற்குப் பிறகுதான் பறையை அடிக்கச் சொன்னார்கள்.

கனடா, சுவிஸ், பிரான்ஸ் பக்கத்துச் சாவு வேறு மாதிரி. மனைவியும் பிள்ளைகளும் அங்கேயே இருந்தால், அனுப்பு அனுப்பு என்று இங்கிருந்து நெருக்குவதை நான் ஏற்கமாட்டேன். நேரலையில் பார்த்து, வருகிற அஸ்தியைக் கீரிமலைக் கடலில் கரைக்கலாம். அந்தப் பிள்ளைகளுக்கும் தகப்பன்தானே.

எட்டாம் நாள் கிரியையான எட்டுச்செலவு முடிந்ததும் பார்க்கவேண்டிய வேலை பெயர். வெளிநாட்டு மரணச் சான்றிதழில் கடவுச்சீட்டில் இருக்கிற எழுத்துத்தான் இருக்கும். எங்கள் ஆட்களில் பலருக்குப் பிறப்புச் சான்றிதழ் இடப்பெயர்வில் போய், திரும்ப எடுத்தபோது எழுத்து மாறியிருக்கும். காணி பெர்மிற்றில் இன்னொரு மாதிரி. வங்கியும் காணிக் கந்தோரும் இதற்காகவே திருப்பி அனுப்பும். தூதரகம் மூலம் அந்த மரணத்தை இலங்கையிலும் பதியலாம், பதிவாளர் நாயகம் திணைக்களத்தில் பிரதி எடுக்கலாம். முப்பத்தோராம் நாள் அந்தியேட்டி முடியட்டும் என்று தள்ளிப்போடாமல் விண்ணப்பத்தைக் கொடுத்துவிடுங்கள். அங்கிருந்து வந்த மூலப் பத்திரங்களைப் பாதுகாப்பு என்று நினைத்து லமினேற் பண்ணிவிட வேண்டாம். பின்பக்கத்தில் சீல் குத்த இடம் வேண்டும்.

நன்றி, வணக்கம்.