தங்கையாக வளர்ந்த புன்னை

பெரியோர்களே, அன்பர்களே, வணக்கம்.

நாம் கூடியிருக்கும் கடலூரின் திருப்பாதிரிப்புலியூர்க் கோயிலுக்கு ஒரு தலபுராணம் உண்டு. சொக்கட்டான் ஆடும்போது அம்மை விளையாட்டாக இறைவனின் கண்களைப் பொத்த, உலகம் இருண்டது. அந்தப் பிழை தீர அவள் பூவுலகுக்கு வந்து, பாதிரி மரங்கள் நின்ற இவ்விடத்தில் தவமிருந்து, மீண்டும் அவரோடு சேர்ந்தாள் என்பது கதை. கணவன் மனைவியின் பிரிவு தீர்ந்த இடமாக ஒரு மரத்தடியை நம் முன்னோர் சொல்லிவைத்ததைத் தற்செயல் என்று என்னால் எடுத்துக்கொள்ள முடியவில்லை.

இன்று நாம் இவ்விரண்டையும் பிரித்துவிட்டோம். இயற்கையில் இறைமையைக் காண்பவர் காட்டுக்குத் தனியே போய்க் கண்மூடி அமர்கிறார். குடும்பத்தில் நெருக்கம் வேண்டுபவர் நான்கு சுவருக்குள் அதைத் தேடுகிறார். காட்டின் அமைதியில் கரைந்துபோனேன் என்று சொல்லும் ஒருவருக்கு, வீட்டில் மனைவியின் களைப்பு கண்ணில் படவில்லை என்றால், அந்தக் கரைதலை நான் நம்பமாட்டேன். மரத்தைப் பார்க்கவும் மனிதரைப் பார்க்கவும் வேண்டிய கவனம் ஒன்றே என்பதுதான் இந்த மாலையில் நான் சொல்ல வந்தது.

இதை நம் கடற்கரையின் பாட்டு ஒன்றைவிடத் தெளிவாகச் சொன்னவர் இல்லை. நற்றிணையின் 172ஆவது பாட்டு அது, நெய்தல் திணை. சிறுமிகள் விளையாடும்போது வெண்மணலில் ஒரு புன்னை விதையை அழுத்தி வைத்துவிட்டு மறந்துபோகிறார்கள். அது முளைவிடுகிறது. நெய் கலந்த பாலை ஊற்றி அதை வளர்க்கிறார்கள். உங்களைவிடச் சிறந்தவள் இவள், உங்கள் தங்கை என்று தாய் சொல்லிவைக்கிறாள். ஆண்டுகள் கழித்து, அந்தப் புன்னையின் நிழலில் தலைவியைச் சந்திக்கத் தலைவன் வருகிறான். தோழி சொல்கிறாள்: இதன் முன்னால் உன்னோடு சிரித்துப் பேச எங்களுக்கு நாணமாக இருக்கிறது, நீ மனம் வைத்தால் வேறு நிழல்களும் இங்கே இருக்கின்றன.

இந்த நாணத்தின் அருகே சற்று நின்று பார்க்க வேண்டும். அது பயமில்லை, குற்ற உணர்வும் இல்லை. காதலை வேண்டாம் என்று அவர்கள் சொல்லவுமில்லை. இடத்தை மட்டும் மாற்றச் சொல்கிறார்கள். அந்த மரம் அவர்களுக்கு வெறும் நிழலாக இல்லை. அங்கே நின்று பார்த்துக்கொண்டிருக்கும் ஒருத்தியாக இருக்கிறது. ஒரு மரத்தின் இருப்பையே இவ்வளவு மதிக்கத் தெரிந்த பெண், தன்னைப் பொருளாக நடத்தும் ஆணை ஏற்கமாட்டாள் என்று எனக்குத் தோன்றுகிறது. அவள் கேட்கும் வேறு நிழலைத் தேடித் தரத் தெரிந்த ஆணும் அந்த மதிப்பைக் கற்றுக்கொள்கிறான். நெருக்கம் என்று நாம் சொல்வதன் உயிர் இங்கேதான் இருக்கிறது. அது உரிமை கொண்டாடுவதில் இல்லை, எதிரே இருப்பவரை உயிராக உணர்ந்து தன்னை ஒதுக்கிக்கொள்வதில் இருக்கிறது.

பிச்சாவரத்தில் படகில் போனவர்கள் தில்லை மரத்தைப் பார்த்திருப்பீர்கள். சிதம்பரத்தின் தலமரம் அது. ஆனால் அதன் பால் கண்ணில் பட்டால் பார்வைக்கே கேடு. வணங்கலாம், அதன் இயல்பை அறிந்து விலகியும் நிற்க வேண்டும், இதுவும் அன்புதான்.

தானே புயல் 2011 டிசம்பர் 30 அன்று கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே கரையைக் கடந்தபோது பண்ருட்டிப் பக்கத்து முந்திரியும் பலாவும் சாய்ந்து கிடந்ததை இங்கிருக்கும் பலர் கண்டிருக்கிறீர்கள். சில நாள் கழித்து அங்கே ஒரு தோப்புக்குப் போயிருந்தேன். வேரோடு விழுந்த பெரிய பலாவுக்கு மரவியாபாரி விலை பேசிக்கொண்டிருந்தார். வீட்டுக்காரர் அதிகம் பேசாத மனிதர். "அவ வளத்த மரம், அவளக் கேளுங்க" என்றார். அந்த அம்மா விலை எதுவும் சொல்லவில்லை. பலா அடிமரத்திலேயே காய்ப்பது அல்லவா? காம்பு அறுத்த இடங்கள் முடிச்சு முடிச்சாகத் தடித்திருந்தன. அவற்றை விரலால் தடவியபடி, மகளின் தலைப்பிரசவத்துக்கு அனுப்பிய பழம் இங்கே இருந்தது, சம்பந்தி வீட்டுக்கு முதன்முதலாகப் போனது அங்கே என்று காட்டிக்கொண்டே வந்தார். அவர் நின்ற இடத்திலெல்லாம் கணவரும் கூடவே நின்றார். அந்தக் குடும்பத்தின் உறவுகளெல்லாம் அந்த மரத்தின் வழியாகத்தான் போய் வந்திருந்தன. அவர்கள் இழந்த வருமானத்துக்கு நிவாரணம் என்று ஒன்று உண்டு. இதற்கு எந்தப் படிவத்திலும் இடமில்லை.

இதே மாவட்டத்து மருதூரில் 1823ஆம் ஆண்டு பிறந்த வள்ளலார், வாடிய பயிரைக் கண்டபோதெல்லாம் வாடினேன் என்று பாடியதை நாம் மேடைதோறும் சொல்கிறோம். அந்த உருக்கம் பயிரோடு நிற்கவில்லை. வடலூரில் 1867ஆம் ஆண்டு தருமச்சாலையின் அடுப்பாக அது மூண்டது. பசித்தவருக்கு இன்றும் அங்கே சோறு கிடைக்கிறது. உயிர்களைக் குறித்து உயிர்களுக்கு உண்டாகும் ஆன்ம உருக்கத்தைக் கொண்டு செய்வதே தெய்வ வழிபாடு என்றார் அவர். பயிருக்கு ஓர் உருக்கம், பக்கத்தில் இருப்பவருக்கு வேறோர் உருக்கம் என்று அவர் பிரிக்கவில்லை.

குடும்பங்கள் உடைவது கடனாலும் குடியாலும் அல்லவா, மரம் என்ன செய்யும் என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி. அடிபடும் பெண்ணுக்கு வேண்டியது பாதுகாப்பும் சட்டத்தின் துணையும். அவளிடம் மரக்கன்றைக் கொடுத்து அனுப்புவது கொடுமை. நான் பேசுவது அன்பு இன்னும் வற்றாமல் பேச்சு மட்டும் வற்றிப்போன வீடுகளைப் பற்றி. அங்கே இருவரும் ஒருவரையொருவர் பார்த்துப் பார்த்துக் குறை கண்டு சலித்திருக்கிறார்கள். இருவரும் சேர்ந்து கவலைப்பட வெளியே ஓர் உயிர் வேண்டும். பிள்ளைகள் ஊரைவிட்டுப் போன பிறகு பல வீடுகளில் அதுவும் இல்லை.

புன்னை உப்புக்காற்றையும் மணலையும் தாங்கி வளரும். விதையின் ஓடு கெட்டியானது. சற்றே உடைத்து ஊன்றினால் விரைவில் முளைக்கும். இந்த ஐப்பசி மழைக்குத் தேவனாம்பட்டினம் பக்கத்தில் நடுவதற்கென்று கன்றுகள் வளர்த்து வைத்திருக்கிறோம். நடுவது எளிது, முதல் கோடையில் தண்ணீர் ஊற்றுவதுதான் கடினம். ஆகவே ஒவ்வொரு கன்றுக்கும் இரண்டு பெயர் கேட்கிறோம்: கணவனும் மனைவியும், மாமியாரும் மருமகளும், வெகுநாளாகப் பேசாமல் இருக்கும் அண்ணனும் தம்பியும் ஆனாலும் சரி. பெயர் எழுதும் நோட்டு வாசலில் இருக்கிறது.