எட்டுக்கும் ஒன்பதுக்கும் எவ்வளவு தூரம்?

அனைவருக்கும் வணக்கம். அருவமான கருத்துகளை மனம் எப்படி வைத்திருக்கிறது என்று பேசச் சொன்னார்கள். நீதி, கடன், நட்பு என்று ஆரம்பித்தால் இன்றைக்கு யாரும் வீடு போய்ச் சேர முடியாது. அதனால் ஒன்றே ஒன்றை எடுத்துக்கொள்கிறேன்: எண். மூன்று வாழைப்பழம், மூன்று இடி, மூன்று பொய். இவற்றுக்குப் பொதுவாக இருக்கும் அந்த 'மூன்றை' யாரும் பார்த்ததில்லை, தொட்டதில்லை. ஆனாலும் நீதிக்கு இல்லாத ஒரு வசதி எண்ணுக்கு உண்டு. மனம் அதைக் கையாளும்போது எவ்வளவு நேரம் எடுக்கிறது என்று அளந்து பார்த்துவிடலாம்.

இப்போதே ஒரு சோதனை. இரண்டு, ஒன்பது: எது பெரியது? சரி. எட்டு, ஒன்பது: எது பெரியது? இரண்டுக்கும் பட்டென்று பதில் சொன்னீர்கள். ஆனால் இரண்டாவதற்குக் கொஞ்சம் கூடுதல் நேரம் எடுத்திருப்பீர்கள். அது மில்லி விநாடிக் கணக்கு, நமக்கே தெரியாது. எண்கள் நெருங்க நெருங்கத் தாமதம் கூடுகிறது என்பதை 1967இல் மோயர், லாண்டவர் என்ற இருவர் 'நேச்சர்' இதழில் வெளியிட்டார்கள்.

இது ஏன் விசித்திரம்? எட்டு, ஒன்பது என்பவை நமக்கு மனப்பாடம். வெறும் குறியீடுகளாக அவற்றை மனம் வைத்திருந்தால் இரண்டு கேள்விக்கும் ஒரே நேரம்தான் ஆக வேண்டும். அப்படி ஆகவில்லை. இரண்டு கைகளிலும் பையைத் தூக்கிப் பார்க்கிறோம் இல்லையா, ஒரு கிலோவும் இரண்டு கிலோவும் உடனே தெரியும், இருபதும் இருபத்தொன்றும் குழப்பும். எடையைப் பற்றி எர்ன்ஸ்ட் வேபர் 19ஆம் நூற்றாண்டில் கண்ட விதி அது. பள்ளியில் படித்த எண்ணும் அந்த விதிக்குக் கட்டுப்படுகிறது. குறியீட்டுக்கு அடியில் மங்கலான ஓர் 'இவ்வளவு' இருக்கிறது.

அந்த 'இவ்வளவு' எங்கே இருக்கிறது? இங்கேதான் விஷயம் சுவாரசியமாகிறது. 1993இல் ஸ்தானிஸ்லாஸ் தெஹான் குழுவினர் பாரிஸில் ஒரு சோதனை செய்தார்கள். திரையில் ஓர் எண் வரும். ஒற்றையா இரட்டையா என்று இரண்டு பொத்தான்களில் ஒன்றை அழுத்த வேண்டும், அவ்வளவுதான். பெரியதா சிறியதா என்று யாரும் கேட்கவே இல்லை. ஆனாலும் சிறிய எண்ணுக்கு இடப்பக்கப் பொத்தானும் பெரிய எண்ணுக்கு வலப்பக்கப் பொத்தானும் வேகமாக வந்தன. கைகளைக் குறுக்கே மாற்றி வைத்தாலும் அப்படியே. ஆக, கையல்ல, பக்கம்தான் கணக்கு. இன்னொன்று: 0 முதல் 5 வரை மட்டும் காட்டினால் ஐந்து வலப்பக்கத்துப் பெரிய எண். 4 முதல் 9 வரை காட்டினால் அதே ஐந்து இடப்பக்கத்துச் சிறிய எண். ஐந்துக்கு நிரந்தர வீடு கிடையாது.

மூளையின் வலப்பாதியில் பக்கவாதம் வந்த சிலருக்கு இடப்பக்க உலகமே கவனத்தில் இல்லாமல் போகும். தட்டில் வலப்பாதிச் சோற்றை மட்டும் சாப்பிட்டுவிட்டு எழுந்துவிடுவார்கள். கண் நன்றாகத்தான் இருக்கும். காகிதத்தில் ஒரு கோடு போட்டு நடுவைக் காட்டச் சொன்னால் நன்றாக வலப்பக்கம் தள்ளிக் காட்டுவார்கள். இத்தாலியில் மார்கோ ஸோர்ஸியும் உடன் வேலை செய்தவர்களும் காகிதமே இல்லாமல், வாயால் மட்டும் கேட்டார்கள்: இரண்டுக்கும் ஆறுக்கும் நடுவில் எது? "ஐந்து" என்றார்கள் நோயாளிகள். பதினொன்றுக்கும் பத்தொன்பதுக்கும் நடுவில்? "பதினேழு." காகிதத்துக் கோட்டில் போலவே, மனத்துக்குள் இருக்கும் எண்வரிசையிலும் நடு வலப்பக்கம் தள்ளிப்போய்விட்டது. கூட்டல் கழித்தல் எல்லாம் சரியாகச் செய்தவர்கள் இவர்கள். 2002இல் வெளிவந்த இந்த ஆய்வை எத்தனை முறை படித்தாலும் எனக்கு ஒரு சிலிர்ப்பு.

அப்புறம் அமேசான். பிரேசிலின் முண்டுருக்கு மக்கள் மொழியில் ஏறத்தாழ ஐந்து வரைதான் எண்ணுப்பெயர். ஆனாலும் இரண்டு புள்ளிக் கூட்டங்களில் எது அதிகம் என்று கேட்டால், எண்பது புள்ளி வரை போனாலும், ஏறக்குறைய பிரெஞ்சுக்காரர்கள் அளவுக்குச் சொல்கிறார்கள். ஆறில் நான்கு போனால் மீதி என்ன என்ற மாதிரித் துல்லியக் கழித்தலில்தான் தடுமாற்றம். 2008இல் அவர்களிடம் ஒரு கோட்டைக் காட்டினார்கள்: இடது முனையில் ஒரு புள்ளி, வலது முனையில் பத்து. நடுவில் எதை வைத்தார்கள் தெரியுமா? மூன்று, நான்கை. தப்பு என்று சொல்லாதீர்கள். ஒன்று மும்மடங்கானால் மூன்று, மூன்று மும்மடங்கானால் ஒன்பது, கிட்டத்தட்டப் பத்து. மடங்குக் கணக்கில் அதுதான் நடு. சம இடைவெளி விட்டு எண்களை அடுக்குவது நமக்குப் பள்ளிக்கூடம் கொடுத்தது.

இங்கே கொஞ்சம் நிதானம் தேவை. திரை நடுவில் ஓர் எண்ணைக் காட்டினாலே போதும், கவனம் இடமோ வலமோ திரும்பிவிடும் என்று 2003இல் ஓர் ஆய்வு வந்து பெரும் புகழ் பெற்றது. 17 ஆய்வகங்கள் சேர்ந்து ஆயிரத்து நூறு பேருக்கு மேல் வைத்து அதைத் திரும்பச் செய்து, 2020இல் முடிவை வெளியிட்டன. அந்த விளைவு கிட்டத்தட்டக் காணாமலே போய்விட்டது. என் கருத்து இதுதான்: 'இவ்வளவு' என்ற உணர்வு அடியில் எப்போதும் இருக்கிறது, எண்களை வரிசையாக வைக்கும் மனக்கோடு அப்படியல்ல, வேலை கேட்கும்போது மனம் போட்டுக்கொள்வது. ஸோர்ஸி "நடுவில் எது" என்று கேட்டதே கோடு போடச் சொன்னதுதான்.

எந்தப் பக்கத்திலிருந்து போடுவது? படிப்பு சொல்கிறது. 2009இல் வந்த ஓர் ஆய்வில் கனடாக்காரர்களுக்கு எண்கள் இடமிருந்து வலம். அரபியில் எழுத்தையும் எண்ணையும் வலமிருந்து படிக்கும் பாலஸ்தீனியர்களுக்கு வலமிருந்து இடம். இஸ்ரேலியர்கள் எழுத்தை வலமிருந்தும் எண்ணை இடமிருந்தும் படிப்பவர்கள். அவர்களிடம் எந்தப் பக்கச் சாய்வும் தெரியவில்லை. தமிழில் எழுத்தும் எண்ணும் ஒரே திசையில் போவதால் நமக்கு அந்த இழுபறி இல்லை. உருதுவும் படித்து வளர்ந்தவர்கள் இந்த அவையில் இருந்தால், போவதற்கு முன் என்னைப் பாருங்கள், ஒற்றையா இரட்டையா என்று கேட்டுப் பார்க்க ஆசை. சரி, மைக்கைப் பின்வரிசைக்குக் கொடுங்கள், கேள்விகளுக்கு வருவோம்.